இஞ்சியும் ஜிஞ்சரும்

பள்ளி இலக்கிய மன்றக் கூட்டங்களில் மாணவியர் மிகுந்த உற்சாகத்தோடு பேசும் தலைப்புகளுள் ஒன்று, 'ஆங்கிலத்தில் தமிழ்ச் சொற்கள்' என்பது. ஒன்று என்பதே 'ஒன்' ஆயிற்று, எட்டு என்பதே 'எய்ட்' ஆயிற்று, அரிசிதான் 'ரைஸ்', இஞ்சிதான் 'ஜிஞ்சர்' என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்போரும் கைதட்டுவார்கள். தாய்மொழியின் பெருமையைக் கேட்டுக் கைதட்டுவதில் குற்றமில்லை. ஆனால் இந்த வரிசையில் மெய்யும் பொய்யும் கலந்து கிடக்கின்றன. நெல்லையும் பதரையும் சேர்த்து அளந்து கொடுத்தால் வாங்குகிறவர் நெல்லையும் அல்லவா சந்தேகிப்பார்? ஆகவே பிரித்தறியும் முறை ஒன்று நமக்கு வேண்டும். அம்முறையை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு இங்குக் கற்றுக்கொள்வோம். அதற்கு முன்னால் எட்டு என்ற எண்ணைச் சற்றே பார்த்துவிடுவோம்.

எட்டு, எய்ட். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல்லை எழுதும்போது நடுவே 'ஜி', 'எச்' என்ற இரண்டு எழுத்துகளை எழுதுகிறோம், ஒலிப்பதில்லை. எழுத்துக்கூட்டல் தேர்வில் உங்களைத் தொல்லைப்படுத்துவதற்காக யாரும் அவற்றை அங்கே வைக்கவில்லை. ஒரு காலத்தில் அவை ஒலிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இச்சொல் 'எயஹ்டா'. அதன் உடன்பிறப்பான ஜெர்மானிய மொழியில் 'அஹ்ட்'. இலத்தீனில் 'ஆக்டோ'. பழைய உரோமை நாட்காட்டியில் எட்டாம் மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அப்பெயர். வடமொழியில் 'அஷ்ட'. இனி நம் எட்டைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்டிசை என்னும்போது வெளிப்படுவது 'எண்' என்ற பகுதி. ஆக, மேலே ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் 'ஆக்டோ' நிற்கிறது, மறுபக்கம் 'எண்' நிற்கிறது. இரண்டுக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருந்தவில்லை. ஒன்று, ஒன் என்பனவும் அப்படித்தான். ஆங்கிலச் சொல்லின் உறவான இலத்தீன் சொல் 'ஊனுஸ்'; அதற்கும் பழைய வடிவம் 'ஒய்னோஸ்'. நம்முடையதோ ஒரு, ஓர் என்பவற்றோடு சேர்ந்தது. இவை வழியில் சந்தித்து முகச்சாயலால் மயங்க வைக்கும் அயலார், உறவினர் அல்லர்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. இரண்டு சொற்களின் இன்றைய ஒலியை மட்டும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொன்றையும் அதன் பழைய வடிவங்களுக்குப் படிப்படியாகக் கொண்டுசெல்ல வேண்டும். உண்மையான உறவுச் சொற்கள் மேலே ஏற ஏற நெருங்கி வரும். உறவில்லாதவை ஏற ஏற விலகிப் போகும். இந்த விதியோடு இஞ்சிக்கு வருவோம்.

இன்று ஆங்கிலேயர் சொல்வது 'ஜிஞ்சர்'. இஞ்சிக்கும் ஜிஞ்சருக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றாலும், முன்னால் ஒரு 'ஜ'வும் பின்னால் ஓர் 'அர்'ரும் கூடுதலாக நிற்கின்றன. இவை எங்கிருந்து வந்தன? ஒட்டுப் போட்டது யார்? முதற்படி ஏறினால், இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் 'ஜிஞ்ஜிவர்' என்ற நீண்ட வடிவில் இருந்தது தெரிகிறது. அதற்கும் முந்தைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் 'ஜிஞ்ஜிஃபர்' என்று காணப்படுகிறது. நடுவில் இருந்த 'வி' பின்னாளில் தேய்ந்து போயிற்று. இதில் வியப்பில்லை. 'கொண்டு வா' என்பதை நாம் 'கொண்டா' என்கிறோமே, அங்கே வகரம் எங்கே போனது? அவசரமாகப் பேசும் நாக்கு எல்லா நாட்டிலும் ஒரே தொழிலைத்தான் செய்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் வரும் 'ஜிஞ்சர்பிரெட்' என்ற தின்பண்டம் உங்களுக்குத் தெரியும். பிரெட் என்றால் ரொட்டி. ஆகவே இஞ்சி ரொட்டி என்று பொருள் கொள்கிறோம். உண்மையில் இது பழைய பிரெஞ்சு மொழியின் 'ஜிஞ்ஜம்ப்ராஸ்' என்ற சொல். பாகிட்டுப் பதப்படுத்திய இஞ்சி என்பது அதன் பொருள். கடைசியில் வரும் 'ப்ராஸ்' ஆங்கிலேயருக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தங்களுக்குத் தெரிந்த 'பிரெட்' ஆக்கிக்கொண்டார்கள். சொல் முதலில் ரொட்டியாயிற்று; பண்டம் பிறகுதான் மாவுப் பண்டமாயிற்று! விளங்காத அயற்சொல்லுக்கு மக்கள் இவ்வாறு தாங்களே பொருள் கற்பித்துக்கொள்ளும் பழக்கத்தை நினைவில் வையுங்கள். இன்னும் சில படிகள் ஏறியதும் இதே வேலையை வேறொரு மொழியார் செய்திருப்பதைக் காண்போம். இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன்: மெல்ல, பதனமாக என்ற பொருளில் வரும் 'ஜிஞ்சர்லி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இஞ்சிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது நயமான என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பது அகராதியாரின் கருத்து. ஒலியை மட்டும் நம்பினால் ஆங்கிலத்துக்குள்ளேயே வழுக்கி விழலாம்.

அடுத்த படி இலத்தீன். இடைக்கால இலத்தீனில் இச்சொல் 'ஜிஞ்ஜிபர்'. அதற்கு முந்தைய வடிவம் 'சிங்கிபெரி'. இதன் முதலெழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய 'இசட்'. அந்த எழுத்து எப்படி 'ஜி' என்ற எழுத்தாக மாறியது? இதற்கு விடை நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறது. ரெஜினா என்ற பெயருள்ள மாணவி இல்லாத வகுப்பு நம் பக்கத்துப் பள்ளிகளில் குறைவு. அரசி என்று பொருள்படும் அந்த இலத்தீன் பெயரைப் பழைய உரோமையர் 'ரெகீனா' என்றே ஒலித்தார்கள். பிற்கால இலத்தீனில், 'இ', 'எ' ஒலிகளுக்கு முன்னால் வரும் ககர ஒலி மென்மையாகி ஜகரமாயிற்று. ரெகீனா ரெஜினா ஆனாள். அதே காலத்தில் 'இசட்' எழுத்தின் ஒலியும் ஏறக்குறைய ஜகரத்தை ஒட்டியே இருந்தது. இரண்டு எழுத்துக்கும் ஒலி நெருங்கிவிட்டபோது, எழுதுவோர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதினார்கள். 'சிங்கிபெரி' 'ஜிஞ்ஜிபர்' ஆனது இப்படித்தான். இலத்தீன் திருப்பலியைக் கேட்டு வளர்ந்த மூத்த சகோதரியரிடம் கேட்டால் இந்த ஒலிப்பு முறையைச் சொல்லிக் காட்டுவார்கள்.

உரோமை நாட்டு அறிஞர் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் முடித்த இயற்கை வரலாற்று நூலில் இச்சொல்லை எழுதி வைத்திருக்கிறார். விலையும் தருகிறார். ஓர் இராத்தல் இஞ்சிக்கு 6 தெனாரியம், கருமிளகுக்கு 4, வெண்மிளகுக்கு 7, திப்பிலிக்கு 15. தெனாரியம் என்பது அக்காலத்து வெள்ளிக்காசு. ஆக, கருமிளகைவிட இஞ்சிக்கு விலை அதிகம். இஞ்சி மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்றும் அவர் திருத்துகிறார். ஆனால் அது விளைவது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் என்று எழுதிவிட்டார். சரக்கு கைமாறிய துறைமுகத்தையே விளைந்த நிலமாகக் கருதிவிட்டார் போலும். கோட்டாற்றுக் கடையில் வாங்கிய பெருங்காயம் கோட்டாற்றில் விளைந்தது என்று நினைப்பதைப் போன்றதுதான் இது. பொருள் எந்த வழியாக வந்தது என்பதை வணிகர்கள் மறந்தாலும் மறைத்தாலும், சொல் மறைப்பதில்லை. அதைத் தொடர்ந்து போவோம்.

இலத்தீனுக்கு இச்சொல்லைக் கொடுத்தது கிரேக்கம். அதே முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிதேஸ் என்ற கிரேக்க மருத்துவர் தம் மருந்து நூலில் 'சிங்கிபெரிஸ்' என்று எழுதி, சிறிய வேர்கள், வெண்ணிறம், மிளகின் சுவை, நல்ல மணம் என்று விவரிக்கிறார். அரபு மொழியில் இது 'ஸஞ்சபீல்'. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தைப் பற்றிய இடத்தில் வருகிறது.

கிரேக்கத்துக்கு மேலே ஏறினால் நாம் இந்திய மண்ணில் கால் வைக்கிறோம். பௌத்த நூல்களின் மொழியாகிய பாலியில் இச்சொல் 'சிங்கிவேர'. துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் விநயபிடகத்தில், நோயுற்ற துறவியர் வைத்துக்கொள்ளத் தக்க வேர் மருந்துகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் மஞ்சளுக்கு அடுத்து நிற்பது சிங்கிவேரம். சிங்கிவேர, சிங்கிபெரிஸ்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகரம் பகரமாகியது ஒன்றே பெரிய வேறுபாடு. வங்காளத்தைப் 'பெங்கால்' என்று சொல்லும் வழக்கம் இருக்கும்போது இது நமக்குப் புதிதன்று.

வடமொழியிலோ இச்சொல் 'சிருங்கவேர' என்று வழங்கியது. சிருங்கம் என்றால் கொம்பு. வேரம் என்றால் உடல். கொம்பு போன்ற உடலுடையது என்று விளக்கம் சொன்னார்கள். இஞ்சியின் கிளைத்த உருவத்தைப் பார்த்தால் விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை. விளங்காத 'ப்ராஸ்' ஆங்கிலேயரிடம் 'பிரெட்' ஆனதுபோல, விளங்காத 'சிங்கி' வடமொழியாரிடம் 'சிருங்கம்' ஆயிற்று என்பது அவர்கள் முடிவு. ஏனெனில் இச்சொல்லின் இரு பாதிகளும் பொருள் விளங்க நிற்கும் மொழிக்குடும்பம் வேறொன்று உண்டு.

'வேர' என்பது எது என்று உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அது நம் வேர்தான். வேர் மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றதும், கிரேக்க மருத்துவர் அதைச் சிறு வேர் என்றதும் இதனோடு பொருந்துகின்றன. 'சிங்கி' என்பது இஞ்சியின் முன்னை வடிவம். அப்படியானால் முதலில் நின்ற சகரம் தமிழில் எங்கே போயிற்று? இதற்கு விடை கண்டவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக இருந்த தாமஸ் பரோ. தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் பல சொற்களில் கெட்டுவிட்டது என்பதை அவர் 1947இல் ஒரு கட்டுரையில் காட்டினார். நடு இந்தியக் காடுகளில் வழங்கும் கோண்டி மொழியும் தமிழுக்கு உறவு மொழி. நாம் ஐந்து, ஆறு என்னும் எண்களை அம்மொழியார் 'சையுங்', 'சாருங்' என்கிறார்கள். நாம் ஈதல் என்று கூறும் கொடுத்தல் தொழிலுக்கு அவர்கள் சொல் 'சீ' என்று தொடங்கும். நாம் இழந்த சகரத்தை அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள். பாலியின் 'சிங்கி'யும் அதைக் காத்து வைத்திருக்கிறது. இனி, சிங்கியின் ககரம் இஞ்சியில் சகரமானது எப்படி? இகர எகரங்களின் பக்கத்தில் ககரம் சகரமாவது தமிழுக்குப் பழகிய போக்கு. கன்னடர் 'கிவி' என்பதை நாம் செவி என்கிறோம் அல்லவா?

ஆக, ஜிஞ்சர், ஜிஞ்ஜிவர், ஜிஞ்ஜிபர், சிங்கிபெரிஸ், சிங்கிவேர, இஞ்சிவேர். ஏற ஏற நெருங்கி வருகிறது. எட்டுக்கும் எய்ட்டுக்கும் கிடைக்காத சான்று இங்கே படிக்குப் படி ஏடுகளில் எழுதிக் கிடக்கிறது. ஆங்கிலச் சொல்லின் முன்னால் நிற்கும் 'ஜ' ஒட்டுப் போட்டதன்று. நாம் தொலைத்த சகரத்தின் எச்சம். பின்னால் நிற்கும் 'அர்' ஒட்டுப் போட்டதன்று. நம் வேரின் நுனி. நாம் இஞ்சி என்று முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். அயலார்தான் வேரையும் சேர்த்துச் சுமந்து திரிந்திருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லின் வழியை ஆராய்ந்து ஆலன் ராஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1952இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். ஒற்றைச் சொல்லுக்கு ஒரு நூலா என்று மலைக்க வேண்டாம். வழியில் எத்தனை மொழிகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜெர்மானியர் இன்று இஞ்சியை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'இங்வேர்'! அவர்களுடைய பழைய வடிவம் 'கிங்கிபெரோ'. பின்னர் அவர்களும், நம்மோடு யாதொரு தொடர்புமின்றி, முதலெழுத்தைத் தொலைத்துவிட்டார்கள். தற்செயலாக அது நம் இஞ்சிவேரைப் போலவே ஒலிக்கிறது. சிங்களரும் முதற்சகரத்தை விட்டுவிட்டு 'இங்குரு' என்கிறார்கள். மூன்று நாட்டார் தனித்தனியே ஒரே எழுத்தைத் தொலைத்தது எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பைத் தருகிறது.

உயிரியல் ஆசிரியை இதைப் படித்தால் குறுக்கிடுவார்கள்: இஞ்சி வேரன்று, நிலத்துக்கடியில் கிடைமட்டமாக வளரும் தண்டு, மட்டநிலத்தண்டு என்று எத்தனை முறை எழுதச் சொல்லியிருக்கிறேன்! அவர்கள் சொல்வதே சரி. ஆனால் பெயர் வைத்த முன்னோர் மண்ணைத் தோண்டி எடுத்ததையெல்லாம் வேர் என்றார்கள். வெட்டிவேர் உண்மையான வேரே. அதுவும் பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்கிலத்தில் 'வெட்டிவர்' என்று நுழைந்து, இன்று உலகமெங்கும் வாசனைத் தைலக் குப்பிகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆக நம் வேர் ஆங்கிலத்தில் இரண்டு முறை ஊன்றியிருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது நுனி மட்டும் தெரியும்படி தேய்ந்து போயிற்று. அண்மையில் போனது ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது.

சரி, இஞ்சி தமிழர்களே முதன்முதல் படைத்த சொல்லா? இங்கேதான் கைதட்டலை ஒரு கணம் நிறுத்திக்கொள்ள வேண்டும். சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில் இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்து வருகின்றன. ஆகவே சொல் பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் இஞ்சிச் செடி இன்று எந்தக் காட்டிலும் தானாக முளைத்துக் கிடப்பதில்லை. பயிரிடுவோர் கையிலேயே வாழ்கிறது. அது தென்கிழக்காசியப் பக்கத்தில் முதலில் பயிராகி மேற்கே வந்தது என்று தாவர அறிஞர் கருதுகிறார்கள். தாய்லாந்தில் அதன் பெயர் 'கிங்', சீனத்தில் 'ஜியாங்'. செடியோடு பெயரும் கிழக்கிலிருந்து நம்மிடம் வந்திருக்கலாம் என்று கூறும் அறிஞர் உண்டு. இதற்கு மேல் படிக்குப் படி எழுத்துச் சான்று இல்லை. எட்டுக்கு வைத்த அதே விதியை இங்கும் வைத்தால், ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு ஆம் என்றும் சொல்லக் கூடாது. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை என்றும் சொல்லக் கூடாது. மேற்கே போன வழியில் தமிழ் ஒரு பெருந்துறை என்பது மட்டும் உறுதி. அந்த வணிகத்தில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, கொல்லத்து இஞ்சி அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறது என்று குறித்துவிட்டு, அடுத்துக் குமரியையும் பற்றிச் சொல்லுகிறார்.

வரிசையில் அரிசி மிஞ்சி நிற்கிறது. நம் அண்டை மாவட்டத்து இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் முதன்முதல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் வழியே, கிரேக்கரின் 'ஒரிசா' என்ற சொல்லை நம் அரிசியோடு இணைத்தார். 'ரைஸ்' அந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே. இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் இடைப்படிகள். ஆனால் கிரேக்கர் தம் சொல்லைப் பாரசீகப் பக்கத்து மொழி ஒன்றிலிருந்து பெற்றார்கள் என்பதே இன்றைய அறிஞர் பலரின் கருத்து. வடமொழியில் நெல்லுக்கு 'விரீஹி'. ஆப்கானியரின் பஷ்து மொழியில் அரிசிக்கு 'வ்ரிஜே'. கிரேக்கச் சொல்லின் முதலில் வரும் 'ஒ' இந்த வகரத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. நம் அரிசியின் அகரத்தோடு அவ்வளவு பொருந்தவில்லை. கால்டுவெல் பெரியவர் என்பதற்காக இந்தப் பொருத்தமின்மையை நாம் பாராதிருக்க முடியாது. அவரும் அதை விரும்பமாட்டார்.

விடுமுறையில் நீங்களே முயன்று பார்க்கச் சில சொற்கள் தருகிறேன். நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், நல்ல ஆங்கில அகராதி ஒன்றும் இருந்தால் போதும். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது வெளிப்படை. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட நூலிலேயே அது இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் நாம் கண்ட கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்திலோ இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. பொருள் எப்போது, ஏன் மாறியது என்று தேடுங்கள். கதம்பையைக் காயலில் ஊறப்போட்டு அடித்தெடுத்த நாரைத் திரிக்கும் வீடு உங்கள் பக்கத்தில் இருந்தால், கயிறு 'காயர்' ஆன வழியைத் தேடுங்கள். நடுவில் ஒரு போர்த்துக்கீசியர் நிற்பார். கொப்பரை என்பது 'கோப்ரா' என ஆங்கிலத்தில் வழங்குகிறது. இதைத் தேடும்போது மட்டும் கவனம் தேவை. மலையாளத்தோடு நின்றுவிடாமல் இந்தியில் 'கோப்ரா' என்ற சொல் என்ன பொருள் தருகிறது என்றும் பாருங்கள். படமெடுக்கும் பாம்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது போர்த்துக்கீசியச் சொல், அதற்கும் தேங்காய்க்கும் தொடர்பில்லை.